ஐஇஎல்டிஎஸ், ஓஇடி: படிக்கும் முறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம், வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியும் எழுதப் படிக்கிறவர்களுக்குச் சில வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் நர்சுகள், பகல் டியூட்டியும் நைட் டியூட்டியும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மிச்சமிருக்கிற நேரத்தில் படிக்கிறவர்கள். நாங்கள் எழுதிய காலத்தில் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு புது பேட்சும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், நேரத்துக்குப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். படிக்கும் முறையில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எந்தத் தேர்வு என்று முடிவெடுக்காமலே வகுப்பில் சேர்வது

பக்கத்து வீட்டு அக்கா ஐஇஎல்டிஎஸ் எழுதினார், அதனால் நானும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்ய அங்குள்ள நர்சிங் பதிவு அமைப்பான என்எம்சி இரண்டையும் ஏற்கிறது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்றால் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 9க்கு 7, ரைட்டிங்கில் 6.5. ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, ரைட்டிங்கில் சி பிளஸ். ஓஇடி ரைட்டிங்கில் நோயாளியின் கேஸ் நோட்ஸைப் படித்து 180 முதல் 200 வார்த்தையில் ஒரு கடிதம் எழுத வேண்டும். ஐஇஎல்டிஎஸ்ஸில் போக்குவரத்து, கல்வி, சுற்றுச்சூழல் என்று ஏதாவது ஒரு தலைப்பில் குறைந்தது 250 வார்த்தைக் கட்டுரை, அதோடு குறைந்தது 150 வார்த்தையில் இன்னொன்று. வார்டில் தினமும் டியூட்டி மாறும்போது நோயாளி விவரத்தைச் சொல்லி ஹேண்டோவர் கொடுக்கிறவருக்கு எது கைக்கு வரும் என்று அவருக்கே தெரியும். ஆனால் ஓஇடிக்குக் கட்டணம் கூடுதல், அதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் என்று இரண்டு வகை உண்டு. கனடா குடியேற்றத்துக்கு ஜெனரல் எழுதப்போகிற ஒரு பையன், சரியான விடைகளின் எண்ணிக்கையை மார்க்காக மாற்றும் அகாடமிக் அட்டவணையை வைத்தே தன் மார்க்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ரீடிங்கில் 40க்கு 30 சரியாக இருந்தால் அகாடமிக்கில் ஏறக்குறைய 7 வரும். ஜெனரலில் அதே 30க்கு 6தான், 7 வேண்டுமென்றால் 34 வரைக்கும் போக வேண்டும். இது தெரியாமல் பல மாதம் நிம்மதியாக இருந்துவிட்டான்.

மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதுவதையே படிப்பு என்று நினைப்பது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இதுதான். "புக்ல உள்ள டெஸ்ட் எல்லாம் முடிச்சாச்சு சார், மார்க் மட்டும் ஏற மாட்டேங்கு" என்று வருவார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் டிக், பெருக்கல் குறி, கீழே ஒரு வட்டத்துக்குள் 26, அடுத்த நாள் 27, அதற்கடுத்த நாள் மறுபடி 26. தப்பான விடைக்குப் பக்கத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்காது. ஏன் தப்பானது என்று கேட்டால் "கவனிக்கல சார்" என்பார்கள். தினம் ஒரு டெஸ்ட் என்று பெருமையாகப் போர்டு வைத்து, விடைத்தாளைத் திருத்தி மார்க்கை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. பிபியை மணிக்கு ஒருதரம் பார்த்து எழுதிவைத்தால் பிபி இறங்குமா, மருந்து யார் கொடுப்பது என்று நர்ஸ் பிள்ளைகளிடம் கேட்பேன், உடனே புரிந்துவிடும்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. தேர்வு நடத்துகிறவர்களே வெளியிட்ட அசல் டெஸ்டுகள் அளவாகத்தான் கிடைக்கும். ஒருமுறை எழுதியதை மறுபடி எழுதினால் விடை ஞாபகத்தில் வந்து நிற்கும், மார்க் பொய் சொல்லும். முதல் மாதத்திலேயே அத்தனையையும் எழுதித் தீர்த்துவிட்டால், தேர்வு நெருங்கும்போது உண்மையான நிலைமையைப் பார்க்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

குலசேகரம் பக்கத்துப் பெண் ஒருவர், ரீடிங்கில் 26, 27ஐத் தாண்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவருடைய பழைய விடைத்தாள்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். தப்பில் பாதிக்கு மேல் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் பகுதியில். சரி என்று, பயிற்சிக்காக ரப்பர் மரத்தைப் பற்றி நானே ஒரு சின்னப் பத்தி எழுதிக் கொடுத்தேன். கன்று நட்டு ஏழு வருடம் போல ஆன பிறகு பால் எடுக்கத் தொடங்குவார்கள், அதிகாலையில் வெட்டினால் பால் நன்றாக வரும், இவ்வளவுதான் அதில் இருந்தது. கேள்வி: "மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும்." யோசிக்காமல் ட்ரூ போட்டார். ஏன் என்றால், "எங்க வீட்ல ஜூன் மாசம் மழை பிடிச்சா வெட்டு கிடையாது சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் பத்தியில் மழை என்ற வார்த்தையே இல்லை. பத்தி சொன்னால் ட்ரூ, பத்தி மாற்றிச் சொன்னால் ஃபால்ஸ், பத்தி வாயே திறக்கவில்லை என்றால் நாட் கிவன். அத்தனை டெஸ்டிலும் அவர் பத்தியை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை வைத்தே பதில் போட்டு வந்திருக்கிறார். புது டெஸ்டை நிறுத்தி, பழைய தாள்களிலேயே ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி என்று பென்சிலால் கோடு போடச் சொன்னேன். வரி கிடைக்காவிட்டால் விடை நாட் கிவன். திருவனந்தபுரம் போய் எழுதியபோது ரீடிங்கில் 7 வந்தது.

லிசனிங்குக்கும் இதேதான். தப்பான கேள்விக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். வார்த்தையே தெரியவில்லையா, தெரிந்தும் ஸ்பெல்லிங் தப்பா, இரண்டு வார்த்தைக்கு மேல் கூடாது என்று போட்டிருக்க மூன்று எழுதினீர்களா? நம் பிள்ளைகளிடம் அதிகம் பார்ப்பது, கடைசியில் வரும் 'ஸ்' காதில் விழாமல் 'டிக்கெட்ஸ்' என்பதை 'டிக்கெட்' என்று எழுதுவது, அதற்கு மார்க் கிடையாது. அப்புறம் அவசரம். போனில் ஒருவர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்பார், உடனே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள், அதற்குள் அவர் "இல்லை, அன்றைக்கு வேறு வேலை, வியாழன் வைத்துக்கொள்ளலாம்" என்று மாற்றியிருப்பார். தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லையே, எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தப்பான இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒரு டெஸ்ட் எழுத அரை மணி நேரம் என்றால் அதை அலச ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அதற்கு நேரம் இல்லாத வாரத்தில் டெஸ்டே எழுத வேண்டாம்.

மனப்பாடக் கட்டுரை

வேண்டாம். திருத்துகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், மார்க் குறையும்.

சப்டைட்டில் போட்டுப் படம் பார்ப்பது

அது ரீடிங் பயிற்சி, லிசனிங் ஆகாது.

எழுதிக் குவிப்பது, யாரிடமும் காட்டாமல்

ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கை நான்கு அளவுகோலில் பார்க்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. நம்மவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடி ஓடி முதலாவதைக் கோட்டை விடுகிறார்கள், கேள்வி இரண்டு விஷயம் கேட்டிருக்கும், ஒன்றுக்குத்தான் பதில் இருக்கும். தினம் ஒன்று எழுதிப் பெட்டியில் போடுவதை விட, வாரத்துக்கு ஒன்று எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் திருத்தி வாங்கி, அதையே மறுபடி எழுதுங்கள். மறுபடி எழுதுவதைத்தான் யாரும் செய்வதில்லை.

லண்டன் உச்சரிப்பை இழுத்துப் பேசிப் பழகுவது

தேவையே இல்லை. பேசுவது எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள், தமிழ் வாடை அடித்தால் மார்க் போகாது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஊரில் பேசுகிற வேகத்திலேயே ஆங்கிலமும் வரும், வார்த்தையின் வால் எல்லாம் விழுங்கப்பட்டுவிடும். ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசிக்கக் கொடுத்து இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள், அதைப் போனில் பதிவு செய்து அடுத்த நாள் கேளுங்கள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

தேதியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் படிப்பது

ரிசல்ட் 2 வருடம்தான் செல்லும், கட்டணமோ ஆயிரக்கணக்கில். புதிதாக எடுத்த அசல் டெஸ்டில் தொடர்ந்து மூன்று முறை தேவையான மார்க் வந்த பிறகு பணம் கட்டுங்கள். கம்ப்யூட்டரில் ஐஇஎல்டிஎஸ் எழுதி ஒரே ஒரு பகுதியில் மட்டும் மார்க் குறைந்தால், 60 நாளுக்குள் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுத வழி இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கிற இடம் அந்த ரிசல்டை எடுத்துக்கொள்ளுமா என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டு அதற்குப் பணம் கட்டுங்கள்.