ஒரு சுங்குடிச் சேலையில் மேசை விரிப்பும் ஆறு கைத்துண்டும்

பொங்கல், தீபாவளி விருந்துக்கு மேசையைப் பழைய பாணியில் அமைக்க ஒரு சுங்குடிச் சேலையும் பரணில் கிடக்கும் பித்தளைச் சாமானும் போதும். கீழே உள்ள கணக்கு 5 அடிக்கு 3 அடி மேசைக்கு, அதாவது ஆறு பேருக்கு.

சேலை

புள்ளி போட்ட பருத்திச் சேலைதான் சுங்குடி. மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, புள்ளி நடுவில் சுருக்கம் நிற்கும். அச்சடித்ததில் எல்லாம் அச்சு அசலாக ஒரே அளவு. வெட்டித் தைக்க அச்சுச் சேலையே போதும் என்பது என் கட்சி. கைமுடிச்சுச் சேலையில் கத்தரியை வைக்க மனசு வராது. வைத்தே தீர்வேன் என்றால், அளப்பதற்கு முன் நன்றாக அழுத்தி இஸ்திரி போடுங்கள். சுருக்கம் விரிந்தால் அளவு மாறிவிடும்.

நனைப்பது

வெட்டும் முன் நனைத்தே ஆக வேண்டும், பருத்தி சுருங்கும். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். நிற்காது. தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசுவதுதான் வழி. பிறகு ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னும் அலச வேண்டும். இல்லையென்றால் விருந்தன்று சட்டையில் ஒட்டும். கடைசி அலசலில் கொஞ்சம் நீர்த்த சோற்றுக்கஞ்சி கலந்தால் மடிப்பு நறுக்கென்று நிற்கும்.

வெட்டுவது

விரிப்புக்கு நீளவாக்கில் 80 அங்குலம். மேசை 60, ஒவ்வொரு முனையிலும் தொங்க 8, மடிப்புக்கு 2. அகலத்தில் கை வைக்காதீர்கள். சுமார் 46 அங்குலச் சேலை இருபுறமும் 5 அங்குலம் தொங்கும், சேலைக் கரையே விரிப்பின் கரையாகிவிடும். முனைகளை மட்டும் ஓர் அங்குலம், அதன்மேல் இன்னொரு அங்குலம் என்று மடித்துத் தைத்தால் விரிப்பு முடிந்தது.

கைத்துண்டுக்கு 20 அங்குலச் சதுரம் ஆறு. கரை அகலம் குறைவாக இருந்தால் நடுப்பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வரும். சாக்பீஸ் கோட்டை நம்பாமல் ஒரு நூலை உருவி, அது விட்ட தடத்தில் வெட்டுங்கள். நூல் கோணினால் துவைத்ததும் துண்டு முறுக்கிக்கொள்ளும்.

மூலை

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முதலில் செய்தித்தாளில் ஒருமுறை செய்து பாருங்கள்.

கைத்துண்டின் நாலு பக்கமும் அரை அங்குலம் மடித்து இஸ்திரி. அதன்மேல் இன்னொரு அரை அங்குலம் மடித்து இஸ்திரி. இப்போது எல்லாவற்றையும் பிரியுங்கள். மூலையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும். முனையிலிருந்து சாய்வாக உள்ளே போனால் முதலில் வருவது வெளிப்புள்ளி, அடுத்தது உள்புள்ளி.

வெளிப்புள்ளி வழியாகச் சாய்வாக வெட்டி முனையை எடுத்துவிடுங்கள். உள்புள்ளி வழியாகச் சாய்வாக உள்ளே மடியுங்கள். பிறகு பழைய தடத்திலேயே முதல் மடிப்பு, இரண்டாம் மடிப்பு. இரு பக்கமும் மூலையில் சட்டம் போட்ட படம் மாதிரி சாய்கோட்டில் சந்திக்கும்.

உள்புள்ளியில் வெட்டினால் மூலையில் ஓட்டை. வெட்டாமலே மடித்தால் துணி தடித்து ஊசி திணறும். தையலை மூலையில் தொடங்காமல் பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். திரும்பும்போது ஊசி துணிக்குள் இறங்கியே இருக்கட்டும், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். 11-ஆம் எண் ஊசி, பருத்தி நூல் போதும்.

தைத்து முடித்ததும் கைத்துண்டுகளில் மட்டும் கஞ்சி போக அலசுங்கள். கஞ்சித் துணி ஈரத்தை இழுக்காது.

மேசையில்

வாழை இலையை நேராக விரிப்பில் போடாதீர்கள். வெட்டுவாயில் வடியும் வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. வெட்டிய இலையைக் கழுவி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வடியவிட்டு, நன்றாகத் துடைத்து, சின்னக் கோரைப்பாய்மேல் போடுங்கள். நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம். டம்ளரும் இடப்பக்கம் இருந்தால் எச்சில் படாத கையால் எடுக்கலாம்.

ஈயம் பூசாத பித்தளையில் ரசம், மோர், ஊறுகாய் கூடாது, களிம்பு ஏறும். தண்ணீர்ச் செம்பு, பூ மிதக்கும் உருளி என்று அலங்காரத்தோடு நிறுத்துங்கள். அடியை ஈரமில்லாமல் துடைத்து வைக்காவிட்டால் விரிப்பில் பச்சை வளையம் விழும். வீட்டில் சாமான் இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். எனாமல் தட்டு வாங்கினால் விளிம்பு சிதறாததாகப் பாருங்கள்.

மஞ்சள் கறை

சோப்புப் போட்டதும் சிவக்கும், பயப்படாதீர்கள். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும். சேலைச் சாயமும் வெயிலில் வெளுக்கும் என்பதால் கறை பட்ட இடம் மட்டும் வெயில் பார்க்கட்டும், மற்றதை மடித்து மூடுங்கள். கறை போகும்வரை இஸ்திரி வேண்டாம்.

பின்சேர்க்கை: 4 அடி வட்ட மேசைக்குச் சேலை அகலம் போதாது. அடியில் வெள்ளை வேட்டியை விரித்து, மேலே 40 அங்குலச் சுங்குடிச் சதுரத்தைக் குறுக்காகப் போடுங்கள். கண்ணாடி மேசையானால் விரிப்பு வழுக்கும். அடியில் பழைய ஃபிளானல் துணி ஒன்று போதும்.