சின்னப் படகுகளை வைத்துப் பெரிய கப்பற்படையை மடக்குவது எப்படி?

சரித்திர நாவலோ கேமோ எழுதுகிறீர்கள், அதில் சிறு படகுகள் பெரிய கப்பல்களை ஜெயிக்க வேண்டும் என்றால், தயவுசெய்து நேருக்கு நேர் மோத விடாதீர்கள். வியட்நாமின் பாக் டாங் ஆற்றைப் பாருங்கள். 938-இல் வியட்நாம் தளபதி ங்கோ குயென் தென் சீனாவை ஆண்ட தென் ஹான் அரசின் படையையும், 1288-இல் இன்னொரு வியட்நாம் தளபதி டிரான் ஹுங் டாவ் சீனாவை ஆண்ட மங்கோலியரின் யுவான் படையையும் ஏறக்குறைய ஒரே உத்தியால் முடித்த இடம் அது.

முதல் வேலை, கடலை விட்டுவிட்டு, ஓதம் (கடல் நீர் தினமும் ஏறி வடிவது) ஏறி இறங்கும் ஆற்று முகத்தைப் பிடிப்பது. அங்கே பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வடிதல். அதனால் வடிய ஆரம்பித்தால் நிறைய நேரம் வடிந்துகொண்டே இருக்கும். ஆற்றின் அடியில் கூர் சீவிய மரக்கழிகளை அறைந்து வையுங்கள். நீர் ஏறியிருக்கும்போது மூழ்கி மறைய வேண்டும், வடிந்ததும் கப்பலின் அடிப்பலகையைக் குத்த வேண்டும். 938-இல் முனைக்கு இரும்பே போட்டார்கள். அந்த ஆற்றங்கரையில் உள்ள குவாங் யென் பக்கம் பல நூற்றாண்டுக்குப் பிறகு மண் தோண்டியவர்களுக்குக்கூட இப்படி அறைந்த கழிகள் சேற்றோடு கிடைத்தன.

அப்புறம்தான் படகுகள். அவற்றின் வேலை தூண்டில் வேலை. கிட்டே போய்க் கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, தோற்று ஓடுகிற மாதிரி ஓட வேண்டும். எதிரி துரத்தி வர வேண்டும். சின்னப் படகுக்கு ஆழம் குறைவாகவே போதும், கழிகளுக்கு நடுவே நுழைந்து போய்விடும். பெரிய கப்பல் மாட்டிக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் ஓடினால் நீர் வடிவதற்குள் எதிரி கழிகளைத் தாண்டிவிடுவான், தாமதித்தால் கழி வெளியே தெரிந்துவிடும். ஆகவே நீரோட்டம் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் கதையில் கட்டாயம் வேண்டும். ஓத நேரத்தை டிரான் ஹுங் டாவுக்குச் சொன்னது ஆற்றுத் துறையில் கடை வைத்திருந்த ஒரு கிழவி என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள், கோயிலே கட்டியிருக்கிறார்கள். தளபதியைவிட எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

கப்பல்கள் மாட்டியதும் தீ வைத்த தெப்பங்களை விடுங்கள், இரு கரையிலும் ஆட்களை ஒளித்து வையுங்கள். 1288-இல் யுவான் தளபதி ஓமர் உயிரோடு பிடிபட்டார்.

இன்னொன்று, எதிரி ஏன் அந்த ஆற்றுக்குள் வர வேண்டும் என்பதற்குக் காரணம் வையுங்கள். 1288-இல் யுவான் கப்பல்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. வான் டோன் என்ற தீவுப் பகுதிக்கு அருகே வியட்நாம் தளபதி டிரான் கான் டு அவர்களுடைய தானியக் கப்பல்களை முன்பே அழித்திருந்தார், சோற்றுக்கே வழியில்லை. கிளைமாக்ஸில் புயலை மட்டும் கொண்டுவராதீர்கள், அது 1281-இல் ஜப்பானில் மங்கோலியக் கப்பல்களுக்கு நடந்த வேறு கதை.