உழவர் சந்தையில் விளைவித்தவரைத் தெரிந்துகொள்ள

சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி என்று சேலத்தில் எந்த உழவர் சந்தைக்குச் சென்றாலும், விலைப்பலகையைப் பார்த்துப் பையை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடாமல், எதிரில் அமர்ந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். 1999-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் விவசாயிகளுக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்கப்படுவதால், விளைவித்தவரிடமோ அவர் வீட்டாரிடமோதான் பெரும்பாலும் பேசுகிறீர்கள்.

விடியற்காலை நெரிசலில் அவர்களுக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமிராது. கூட்டம் சற்றுத் தணிந்த பிறகு செல்வது நல்லது, ஆனால் நல்ல கீரை அதற்குள் தீர்ந்திருக்கும். எடுத்த எடுப்பிலேயே "மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கும். மாறாக, "எந்த ஊருங்கண்ணா, கத்தரிக்கா எப்பப் பறிச்சதுங்க?" என்று தொடங்கினால், பச்சை மாறாத காம்பையும் பளபளப்பான தோலையும் அவரே எடுத்துக் காட்டுவார், அந்தப் பேச்சின் போக்கிலேயே, மருந்து தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தார் என்பதையும் கேட்டுவிடலாம். பேரம் பேசுவதைத் தவிர்ப்பது என் வழக்கம்.

கடைக்கான இடம் நாளுக்கு நாள் மாறக்கூடும் என்பதால், இடத்தை நம்பாமல் முகத்தையும் ஊரையும் நினைவில் கொண்டு, எந்தெந்தக் கிழமைகளில் வருவார், அடுத்து என்ன காய்ப்புக்கு வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.