கிறிஸ்துமஸ் பார்சல்: பெட்டி கட்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் டிசம்பர் பாதிக்கு மேல்தான் அடுப்பேறும். வீட்டில் சாப்பிட அது சரியான நேரம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப ரொம்பப் பிந்திய நேரம். சாதாரண நாளில் பத்து நாளில் போய்ச் சேரும் பெட்டி, டிசம்பர் கூட்டத்தில் எங்கேயாவது தேங்கி நின்றுவிடும். அதனால் பார்சலுக்கான பலகாரத்தைத் தனியாக, நவம்பரிலேயே சுட்டுவிடுங்கள். மாதம் முடிவதற்குள் பெட்டி நம் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின வாரத்து அலைச்சலில் பாதி இதிலேயே போய்விடும்.

அடுத்த தவறு, அவர்களுக்குப் பிடித்தது எது என்பதை மட்டும் பார்ப்பது. அந்த நாடு எதை உள்ளே விடும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வருடம் தங்கைக்கு ஆசையாகப் பால்கோவா வைத்தேன். சுங்கப் படிவத்தில் ‘ஸ்வீட்ஸ்’ என்று ஒரே வார்த்தை எழுதினேன். பெட்டியைப் பிரித்துச் சோதித்திருக்கிறார்கள். பால்கோவா அவளிடம் போய்ச் சேரவில்லை. அச்சு முறுக்கு தூளாகப் போய்ச் சேர்ந்தது. பேடா, பர்பி, குலாப் ஜாமூன் போன்ற நம் பால் இனிப்புகளை ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. வைக்கோலுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. குடில் பொம்மைகளை வைக்கோல் சுற்றி அனுப்பும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், காகிதமே போதும். வளைகுடா நாடுகளுக்கு என்றால் ரம்மில் ஊறிய கேக் வேண்டாம். அரைத்த குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பார்சலை வாங்கும் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

சரி, பெட்டிக்குள் வைக்கும் விதத்துக்கு வருவோம். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சூடு முழுக்க ஆறாத முறுக்கை டப்பாவில் அடைத்தால் உள்ளேயே வியர்த்து, போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும். எண்ணெய் வடிந்து அரை நாளாவது ஆறட்டும். முந்திரிக்கொத்துக்குத் தேங்காயை ஈரம் போகச் சிவக்க வறுக்காவிட்டால் பத்து நாள் தாங்காது. அச்சு முறுக்கை உயரமான வட்ட டப்பாவில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள், இரண்டு முறுக்குக்கு நடுவே ஒரு டிஷ்யூ தாள். மேலே மிஞ்சும் இடத்தைக் கசக்கிய தாளால் நிரப்பி மூடி, காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சலசலவென்று சத்தம் கேட்டால் பிரித்து இன்னும் தாள் வையுங்கள். பிளம் கேக்குக்கு இவ்வளவு பாடு இல்லை. பட்டர் பேப்பர், அதன் மேல் ஃபாயில், பெட்டியின் அடியில் இடம், அவ்வளவுதான்.

பெட்டியின் அளவும் பணம்தான். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வரும் எண், தராசு காட்டும் எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் இரண்டு கிலோ முறுக்கு வைத்தாலும் 5.4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். முதலில் டப்பாக்களை அடுக்கி அளந்துகொண்டு, அப்புறம் பெட்டி தேடுங்கள்.

சுங்கப் படிவத்தை அவசரமாக நிரப்பாதீர்கள். ‘பிளம் கேக், 1 கிலோ’, ‘பருத்திச் சட்டை, 1’ என்று ஒவ்வொன்றையும் எழுதி, உண்மையான விலையைப் போடுங்கள். மதிப்பே இல்லை என்று எழுதினால் சந்தேகம்தான் வரும். அன்பளிப்பு பார்சலுக்கு பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடா டாலர் வரை வரிச்சலுகை உண்டு. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் பழைய கணக்கை நம்ப வேண்டாம். 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. அனுப்பும் வாரத்தில் தபால் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க், பெர்ஃப்யூம், நெயில் பாலிஷ் மூன்றையும் வைக்காதீர்கள். எளிதில் தீப்பற்றும் என்பதால் பெட்டியே நின்றுபோகும். வாழ்த்து அட்டைக்குள் ரூபாய் நோட்டும் கூடாது. பரிசைச் சுற்றி டேப் ஒட்டி இறுக்கினால் சோதிக்கிறவர்கள் கிழித்துத்தான் பார்ப்பார்கள். வண்ணத்தாளை மடித்துத் தனியாக உள்ளே வைத்துவிடுங்கள்.

முகவரியைப் பழைய டைரியிலிருந்து எடுக்காதீர்கள், அவர்களையே டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு எண், அஞ்சல் குறியீடு, அந்த நாட்டுக் கைபேசி எண் மூன்றும் வேண்டும். அதே முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி பெட்டிக்குள்ளும் போடுங்கள், வெளியே ஒட்டியது கிழிந்தாலும் உதவும். பண்டிகைக்கு ஊரில் இருப்பார்களா என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கோடை விடுமுறை, பலர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தங்கைக்கு இப்போதெல்லாம் நான் அனுப்புவது பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்த பிறகுதான். ரசீதில் இருக்கும் டிராக்கிங் எண்ணைப் படம் எடுத்து அன்றே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன்.