ஈரான் அணுச் செய்தியை மலையகத்தில் வகுப்பாக எடுப்பது எப்படி

அட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தர மாணவர்களையும் தோட்டத்து இளைஞர்களையும் உட்கார வைத்துப் பேச இரண்டு மணித்தியாலம் போதும். 993 பச்சைப்பயறு, 7 சிவப்புக் கௌப்பி, ஒரு பெரிய தட்டு, கரும்பலகை வேண்டும். அரிசி வேண்டாம், எண்ணும்போதே சிதறிவிடும்.

ஆயிரத்தையும் தட்டில் கொட்டுங்கள். இயற்கை யுரேனியத்தில், எளிதில் பிளந்து சக்தி தரும் வகையான யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 சதவீதம்தான், அந்த ஏழு கௌப்பியும் அதுவே. 825 பயறை அகற்றினால் மிச்சம் 175. அது 4 சதவீதம், மின்நிலைய எரிபொருள். இன்னும் 140 போனால் 35: 20 சதவீதம். 23 போனால் 12: 60க்குக் கிட்ட. கடைசியாக வெறும் 4 போனால் 8: ஆயுதத் தரமான 90க்குக் கிட்ட. மாணவர்களே கையால் பொறுக்கி எடுக்கட்டும். "60இலிருந்து 90க்கு இன்னும் எவ்வளவோ தூரம்" என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. 825ஐப் பொறுக்கியவர் அதைச் செய்யமாட்டார். நிஜத்தில் கழிவோடும் கொஞ்சம் 235 போகும், செறிவூட்டிய, அதாவது இப்படி 235இன் பங்கைக் கூட்டிய, யுரேனியம் மட்டும் குண்டாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். வல்லரசுகள் ஈரானோடு செய்துகொண்ட 2015 அணு உடன்படிக்கை அதற்கு 3.67 சதவீதம் என்று எல்லை போட்டதன் காரணம் இப்போது தானாக விளங்கும்.

அடுத்து, 1970இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 4ஆம் உறுப்புரை அமைதிப் பயன்பாட்டுக்கு உரிமை தருகிறது. 6ஆவது, ஆயுதக் களைவுக்கான பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்தச் சொல்கிறது. இலங்கை 1979இல் ஏற்புறுதி செய்தது. கையெழுத்தே போடாத இந்தியாவுக்கு 2008இல் அணு வர்த்தகத்தில் விதிவிலக்குக் கிடைத்தது. வெளியே நின்றவருக்குச் சலுகை, உள்ளே இருப்பவருக்குக் கட்டுப்பாடு என்ற வளர்முக நாடுகளின் மனக்குறை நியாயமானதே. அதற்காக, கையெழுத்திட்ட ஈரானுக்குச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்களை அனுமதிக்கும் கடமை உண்டு என்பதை விழுங்கிவிட வேண்டாம்.

பிறகு கரும்பலகையில் எழுதுங்கள்: ஈரான் மீதான பொருளாதாரத் தடை யாருடையது? பணம் எந்த வழியாகப் போகிறது? 2018இல் அமெரிக்கா உடன்படிக்கையிலிருந்து விலகித் தன் தடைகளைத் திரும்பப் போட்டது. 2025 செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்பின. ஈரானோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் மூன்றாம் நாட்டு வங்கிகளையும் அமெரிக்கச் சட்டம் மிரட்டும். ஈரானுக்கு நாம் விற்கும் தேயிலை உணவுப் பொருள் என்பதால் விலக்கு உண்டு. ஆனால் டொலரைக் கைமாற்ற வங்கி பயப்படும். "தேயிலைக்குத் தடை" என்று யாராவது சொன்னால் இங்கேயே திருத்துங்கள்.

இதற்கு நம் உதாரணம், 2021 டிசம்பர் ஏற்பாடு. ஈரானுக்குத் தரவேண்டிய எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலர். மாதம் 5 மில்லியன் பெறுமதியான தேயிலையாகக் கழிப்பதாகப் பேச்சு. இலங்கை ஏற்றுமதியாளருக்குக் கிடைப்பது ரூபாய். கொழுந்து கப்பலேறும், டொலர் வராது. 251ஐ 5ஆல் வகுக்கச் சொல்லுங்கள்: நான்கு வருடத்துக்கு மேல்.

நேரமிருந்தால் உமா ஓயா. ஈரானிய நிறுவனம் கட்டிய 120 மெகாவாட் நீர்மின் திட்டம். தடைகளால் ஈரானியக் கடன் நின்றுபோக, மிச்சச் செலவு இலங்கை அரசின் தலையில் விழுந்தது. 2024 ஏப்ரலில்தான் திறந்தார்கள்.