உடல்வழி உளச்சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மேடம், அவங்களுக்கு விரலெல்லாம் மரத்துப் போச்சு, ஒரே அழுகை. அடைஞ்சு கிடந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு!" கிருஷ்ணகிரியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவரைப் பற்றி முகம் மலரச் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வார்த்தைகளை ஒரு காலத்தில் நானும் சொன்னவள்.

மூச்சு, தசை, உடல் உணர்வு வழியாக மனக் காயத்தை அணுகும் இந்தச் சிகிச்சைக்குப் புதிதாக வருபவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ரகசியம் காப்பது, குறிப்பெழுதுவது எல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். விடுங்கள்.

வேக மூச்சு

அப்போது பெங்களூரில் இரண்டு நாள் பட்டறைக்குப் போயிருந்தேன். அடக்கிய உணர்ச்சி தசையில் கவசம்போல் இறுகிவிடும் என்று 1930களில் சொன்ன உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ரைக், அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவன் என்று ஒரே உற்சாகம். திரும்பும் பஸ்ஸிலேயே, செய்து பார்க்கக் கை அரித்தது.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். கணவரை விபத்தில் இழந்தவர். இரண்டாவது சந்திப்புதான். கண்ணை மூடி, ஆழமாக, வேகமாக மூச்சு விடச் சொன்னேன். சில நிமிஷத்தில் உதடு மரத்தது, விரல்கள் கோணிக்கொண்டன. "என்னமோ ஆகுதும்மா" என்று பதறினார். நானோ, "வரட்டும், தடுக்காதீங்க" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எரிச்சல் வருகிறது.

தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏறும். மரப்பும் விரல் இழுப்பும் அதனால்தான். மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை சுற்றும். எந்தத் துக்கமும் இல்லாதவரை இப்படி மூச்சுவிட வைத்தாலும் இதேதான் நடக்கும். பழைய பயத்தோடு வந்தவருக்கோ அது இன்னொரு பயம். அந்த அம்மா திரும்ப வரவேயில்லை. "அங்க போனா வலிப்பு வருது" என்ற பேச்சு மட்டும் அவர் ஊரைச் சுற்றியது.

இப்போது கண் திறந்தே இருக்கட்டும் என்கிறேன். பாதம் தரையில். நெஞ்சடைப்பைக் கொஞ்சம் கவனித்ததும் உள்ளங்காலுக்கோ சாய்ந்திருக்கும் முதுகுக்கோ கவனத்தைத் திருப்பச் சொல்வேன். உடல்வழிச் சிகிச்சையாளர் பீட்டர் லெவின் சொல்லும், வேதனையைக் கொஞ்சம் கொஞ்சமாகவே தொடும் சொட்டுச் சொட்டான முறை இது. பட்டறையில் இதையும் சொன்னார்கள். என் காதில்தான் ஏறவில்லை.

தொடுதல்

கேட்காமல் தோளைக்கூடத் தொடாதீர்கள்.

சான்றிதழ்

பட்டறைச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான். மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைக்க, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும்.

நெஞ்சு வலி

முதலில் டாக்டர், ஈசிஜி. அப்புறம் நாம்.

புத்தகக் கேள்வி

"உடலில் என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் நம்மூரில் "ஒண்ணுமில்லைங்க" என்றுதான் பதில் வரும். "ராத்திரி படுத்தா நெஞ்சு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கல்லு வெச்ச மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி என்று அவர்களே சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பாடப்புத்தகப் பெயர்களாக மாற்றாமல்.

பயிற்சிக்கு வரும் அந்தப் பெண்ணிடம், விரல் மரத்துப்போனவரை அன்றைக்கே போனில் கூப்பிட்டு, நடந்தது என்ன என்று விளக்கச் சொன்னேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறாராம்.