எக்ஸ்ட்ரூடர்ல மெல்ட் பிரஷர் பாக்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

எக்ஸ்ட்ரூடர்ங்கறது பிளாஸ்டிக்கை உருக்கி ஸ்க்ரூவால தள்ளற மெஷின், மெல்ட்னா அந்த உருகின பிளாஸ்டிக். நிறைய யூனிட்ல பிரஷர் கன்ட்ரோலரை சும்மா நம்பர் காட்டற டப்பாவாத்தான் வெச்சிருக்காங்க. பிரஷர் எல்லை தாண்டினா மோட்டர் தானா நிக்கற மாதிரி ஹை அலாரம் ரிலேவை மோட்டர் டிரைவோட இன்டர்லாக் பண்ணியிருக்க மாட்டாங்க, பண்ணியிருந்தாலும் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு யாராவது ஒரு வயரை போட்டு பைபாஸ் பண்ணிட்டு போயிருப்பாங்க. இருக்கறதுலயே மோசமான தப்பு இதுதான். ஸ்க்ரீன் (மெல்ட்டை வடிகட்டற வலை) அடைச்சு பிரஷர் ஏறறப்ப மோட்டர் நிக்கலன்னா டை (மெல்ட் வெளிய வர்ற அச்சு) போல்ட், கிளாம்ப் எதுவும் தாங்காது, 200 டிகிரி மெல்ட் எதிர்ல நிக்கற ஆபரேட்டர் மேலதான் தெறிக்கும். தயவுசெஞ்சு அந்த வயரை இன்னிக்கே எடுங்க. சென்சார் வயர் அறுந்தாலும் மெஷின் நிக்கற மாதிரி ரிலே செட்டிங் இருக்கணும்.

அடுத்தது ரேஞ்ச். பழைய 500 பார் டிரான்ஸ்மிட்டர் (பிரஷரை 4-20 மில்லிஆம்ப் சிக்னலா அனுப்பற சென்சார்) போச்சுன்னு கைல கிடைச்ச 700 பாரை மாட்டிட்டு, கன்ட்ரோலர்ல ஸ்கேலிங்கை (எந்த சிக்னலுக்கு எத்தனை பார் காட்டணுங்கற செட்டிங்கை) மாத்தாம விட்டுடறாங்க. உள்ள 350 பார் இருக்கும், சிக்னல் 12 மில்லிஆம்ப் வரும், டிஸ்ப்ளே 250னு காட்டும். 400ல அலாரம் வெச்சிருந்தீங்கன்னா அது அடிக்கறப்ப நிஜ பிரஷர் 560, யோசிச்சு பாருங்க.

சென்சாரோட ஜீரோவை, அதாவது பிரஷர் இல்லாதப்ப 0 காட்ட வெக்கற செட்டிங்கை, மெஷின் ஜில்லுனு இருக்கறப்ப பண்ணாதீங்க, சூடேறினதும் ரீடிங் நகந்துடும். ஹீட்டர் செட் டெம்பரேச்சருக்கு வந்து சூடு நல்லா ஊறினப்புறம், ஸ்க்ரூ ஓடாம, பிரஷர் சுத்தமா இல்லாதப்ப பண்ணுங்க. அப்படியே ஷன்ட் கேலிபரேஷனும் (பிரஷர் இல்லாமலே ஒரு தெரிஞ்ச சிக்னலை குடுத்து ரீடிங் சரியான்னு பாக்கறது) பாத்துடுங்க, பெரும்பாலான சென்சார்ல ரேஞ்ச்ல 80 சதவீதம் காட்டணும், அதாவது 500 பாருக்கு 400.

சூடு ஊறாம ஸ்க்ரூவை ஓட்டினா சென்சார் முனைல உறைஞ்சு கிடக்கற பிளாஸ்டிக் டயஃப்ரத்தை (பிரஷரை உணர்ற மெல்லிசு தகடை) கிழிச்சுடும். சென்சாரை கழட்டறப்பவும் அதே கதைதான், மெட்டீரியல் இளகி இருக்கணும், பிரஷர் இருக்கவே கூடாது. கழட்டினதும் மெத்துன்னு இருக்கற துணியால தொடைங்க, வயர் பிரஷ் வேண்டவே வேண்டாம். ஓட்டைக்குள்ள ஒட்டியிருக்கற கரியை எடுக்காம புதுசை முறுக்கினா அதோட டயஃப்ரமும் அன்னிக்கே நசுங்கிடும்.

முடிஞ்சா ஸ்க்ரீனுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு சென்சார் போடுங்க. ஒரே ஸ்பீடுல முன்னாடி மட்டும் ஏறுச்சுன்னா ஸ்க்ரீன் அடைக்குதுன்னு அர்த்தம், ரெண்டும் சேர்ந்து ஏறுச்சுன்னா மெட்டீரியலையும் டெம்பரேச்சரையும் பாருங்க, சும்மா ஸ்க்ரீனை மாத்திட்டு இருக்காதீங்க.